பாட்டு கேட்டால் இதயத் துடிப்பு எவ்வளவு மாறும்? நீங்களே அளந்து பார்க்கும் முறை

இசை கேட்கும்போது இதயத் துடிப்பு மாறுகிறது. எவ்வளவு மாறுகிறது, கூடுகிறதா குறைகிறதா, அந்த மாற்றம் பாட்டினால் வந்ததா சும்மா உட்கார்ந்ததால் வந்ததா என்பதில்தான் குழப்பம் எல்லாம். முதன்முதலாக அளந்து பார்ப்பவர்களில் பெரும்பாலோர் வழுக்குவதும் இங்கேதான். வேலையை முடித்துவிட்டு வந்து நாற்காலியில் சாய்ந்து, மெதுவான பாட்டொன்றைப் போட்டு, 84 காட்டிய கைக்கடிகாரம் பத்து நிமிடத்தில் 74 காட்டியதும் ‘பாட்டு வேலை செய்கிறது’ என்று முடிவுகட்டிவிடுவார்கள். அதே நாற்காலியில் பாட்டே இல்லாமல் பத்து நிமிடம் இருந்தாலும் எண் 75 பக்கம் இறங்கியிருக்கும்.

அதனால் இந்த வழிகாட்டியில் பாட்டுக்கு எவ்வளவு கவனம் உண்டோ அவ்வளவு கவனம் மௌனத்துக்கும் உண்டு. கையில் ஓர் அளவுக் கருவி, ஹெட்ஃபோன், ஒரு நோட்டு, நாளுக்கு அரை மணி நேரம் இருந்தால் போதும்.

உள்ளே நடப்பது என்ன

இதயத்தின் துடிப்பைத் தொடங்கி வைப்பது வலது மேலறைச் சுவரில் இருக்கும் சைனஸ் கணு. நரம்புகள் எதுவும் தலையிடாமல் விட்டால் அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 முறை துடிக்கும். ஓய்வில் நம் நாடி 60, 70 என்று நிற்பதற்குக் காரணம் வேகஸ் நரம்பு அதை இடைவிடாமல் அடக்கிப் பிடித்திருப்பதுதான். பரிவு நரம்புகள் எதிர்ப்பக்கம் இழுத்துத் துடிப்பைக் கூட்டுகின்றன. இரண்டுக்கும் வேகம் ஒன்றல்ல. வேகஸின் பிடி ஒரே துடிப்புக்குள் இறுகவோ தளரவோ முடியும். பரிவு நரம்பின் விளைவு தொடங்கவே சில விநாடிகள் ஆகும், அடங்குவதற்கு இன்னும் நேரம் எடுக்கும். பாட்டு நின்ற பிறகும் துடிப்பு உடனே பழைய நிலைக்கு வராததற்கு இது ஒரு காரணம்.

இசை இந்த இரண்டையும் மூன்று வழியாகத் தொடுகிறது. முதலாவது, திடீர் ஒலி. எதிர்பாராமல் முழங்கும் முரசு மூளைத்தண்டு வழியாக உடனே உடலைத் திடுக்கிட வைக்கும், துடிப்பு ஏறும். மென்மையாகத் தொடங்கும் புதிய ஒலி என்றால் நேர்மாறு: கவனம் அந்தப் பக்கம் திரும்பும் சில விநாடிகளில் துடிப்பு சற்றுக் குறையும். இரண்டாவது, உணர்ச்சி. பிடித்த பாட்டின் உச்சத்தில் உடல் சிலிர்க்கும்போது துடிப்பும் மூச்சும் கூடுவதை 2001-இல் பிளட், ஸாட்டோர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மூளைப் படமெடுப்போடு சேர்த்து அளந்து காட்டினார்கள். மூன்றாவது வழி மூச்சு. அனுபவத்தில் இதுதான் மிக முக்கியமானது. மூச்சை உள்ளிழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் விரையும், வெளிவிடும்போது தளரும். வேகமான தாளம் மூச்சை விரைவாக்குகிறது, நீண்ட சொற்றொடர்களில், அதாவது ஒரே மூச்சில் பாடுவது போன்ற இசைத் தொடர்களில், நகரும் இசை மூச்சை நீட்டுகிறது. இதயம் பெரும்பாலும் மூச்சின் பின்னால் போகிறது.

2006-இல் இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டியின் குழு 24 பேரை வைத்து இதை ஆராய்ந்தது. பாதிப்பேர் இசைப் பயிற்சி உள்ளவர்கள், பாதிப்பேர் இல்லாதவர்கள். ஆறு வகை இசையைக் கேட்க வைத்ததில், தாளவேகம் கூடக்கூட மூச்சும் இரத்த அழுத்தமும் துடிப்பும் கூடின. எந்த வகை இசை, அது பிடித்ததா பிடிக்காததா என்பதைவிட வேகம்தான் அதிகம் பேசியது. இதைவிட வியப்பான முடிவு ஒன்றும் அதில் உண்டு: பாட்டுகளுக்கு நடுவே விட்ட இரண்டு நிமிட மௌனத்தில்தான் துடிப்பும் அழுத்தமும் தொடக்க நிலைக்கும் கீழே இறங்கின. நம் சோதனையில் மௌனத்தை எங்கே வைப்பது என்பதற்கு இந்த முடிவு நேரடியாகப் பயன்படும்.

இதயம் பாட்டின் தாளத்தோடு ஒன்றுக்கு ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும் என்று பரவலாகச் சொல்லப்படுவதை மட்டும் நம்ப வேண்டாம். 60 தாள வேகத்தில் பாட்டு போட்டால் 78-இல் இருக்கும் இதயம் 60-க்கு வந்துவிடாது. அமைதியாக உட்கார்ந்து கேட்கும்போது கிடைக்கும் மாற்றம் பொதுவாக நிமிடத்துக்குச் சில துடிப்புகள்தான். எதிர்பார்ப்பை அந்த அளவில் வைத்துக்கொண்டால்தான் கருவியையும் முறையையும் சரியாகத் தேர்ந்தெடுக்க முடியும். மூன்று துடிப்பு வித்தியாசத்தைத் தேடும்போது நான்கு துடிப்பு பிழை வரும் முறை உதவாது.

எதை வைத்து அளப்பது

மிகத் துல்லியமானது மார்புப் பட்டை. இதயத்தின் மின்சைகையையே எடுப்பதால் ஒவ்வொரு துடிப்புக்கும் இடையிலுள்ள நேரத்தை மில்லிவிநாடியில் தரும். மார்புத் தசைக்குக் கீழே, விலா எலும்புகளைச் சுற்றி, நழுவாத அளவு இறுக்கமாகக் கட்ட வேண்டும். தோலைத் தொடும் மின்முனைப் பகுதிகளைத் தண்ணீரால் நனைத்துவிட்டுக் கட்டுங்கள். உலர்ந்த பட்டை முதல் சில நிமிடங்களுக்கு 140, 45 என்று தாறுமாறாகக் காட்டும். வியர்வை ஊறியதும் தானே சரியாகும் என்றாலும், அசையாமல் உட்காரும் சோதனையில் வியர்வை வராது. செயற்கை இழை ஆடை பட்டைமேல் உரசினாலும் இதே கோளாறு வரும். பருத்தி ஆடை நல்லது.

ஸ்மார்ட்வாட்ச் தோலுக்குள் பச்சை ஒளியைப் பாய்ச்சி, இரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தைப் படிக்கிறது. அசையாமல் இருக்கும்போது நிமிடச் சராசரிக்கு இது போதும். மணிக்கட்டு எலும்பிலிருந்து ஒரு விரல் அகலம் மேலே, தோலோடு ஒட்டி இருக்கட்டும். கை குளிர்ந்திருந்தாலோ, அந்த இடத்தில் பச்சை குத்தியிருந்தாலோ அளவு தடுமாறும். இன்னொன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்: பல கடிகாரங்கள் சாதாரண நேரத்தில் சில நிமிடங்களுக்கு ஒருமுறைதான் அளக்கும். தொடர்ச்சியான பதிவு வேண்டுமென்றால் உடற்பயிற்சிப் பதிவைத் தொடங்கிவிட்டு உட்காருங்கள். பயிற்சியின் பெயர் எதுவாக இருந்தாலும் சரி, அளவு விநாடிக்கணக்கில் பதிவாகும்.

விரல்நுனி ஆக்ஸிமீட்டரும் பயன்படும். நகப்பூச்சைத் துடைத்துவிட்டு, கையை மேசைமேல் வைத்து, அரை நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். குறிப்பதைக் கூட இருப்பவர் செய்வது நல்லது.

கருவி எதுவும் இல்லாவிட்டால் விரல் போதும். கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டு மடிப்புக்குச் சற்று மேலே, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெதுவாக வையுங்கள். கட்டைவிரலால் பார்க்க வேண்டாம், அதற்குள்ளேயே ஒரு துடிப்பு தெரிந்து குழப்பும். கடிகாரம் ஓடத் தொடங்கும் நொடியில் விழும் துடிப்பை ‘சுழியம்’ என்று எண்ணுங்கள், ‘ஒன்று’ என்று அல்ல. 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது இங்கே சரிப்படாது. ஒரு துடிப்பு பிசகினால் நான்காகிவிடும். முழு 60 விநாடி எண்ண வேண்டும். கழுத்து நாடியைத் தவிர்த்துவிடுங்கள். அங்கே அழுத்தினால் இரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் தூண்டப்பட்டுத் துடிப்பு தானாகவே குறையும், சிலருக்குத் தலைசுற்றலும் வரும்.

கையால் எண்ணுவதில் இசைக்கே உரிய பொறி ஒன்று இருக்கிறது. நாடி 70, பாட்டின் வேகம் 76 என்றால், எண்ணுபவர் தன்னையறியாமல் நாடியை விட்டுத் தாளத்தை எண்ணத் தொடங்கிவிடுவார். கேட்பவர் தன் நாடியைத் தானே எண்ணக் கூடாது. பாட்டை ஹெட்ஃபோனில் கேட்கட்டும், அது காதில் விழாத இன்னொருவர் எண்ணட்டும்.

பாட்டைத் தேர்ந்தெடுத்தல்

ஆறு நாள் சோதனை ஒரு சுற்று. முதல் சுற்றுக்கு மெதுவான ஒன்று, இரண்டாம் சுற்றுக்கு வேகமான ஒன்று. மெதுவானது நிமிடத்துக்கு 50 முதல் 70 தாளம், வேகமானது 120-க்கு மேல் இருந்தால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். தாளவேகத்தைக் கண்டுபிடிக்க, பாட்டுக்கேற்ப இயல்பாகக் கை தட்டி 30 விநாடியில் எத்தனை தட்டு என்று எண்ணி இரண்டால் பெருக்குங்கள். திரையில் தட்டினால் வேகத்தைச் சொல்லும் செயலிகளும் உண்டு. மென்பொருள் தானாகக் கணித்துத் தரும் வேகம் சிலநேரம் சரியாக இரு மடங்காகவோ பாதியாகவோ இருக்கும். 64-இல் நடக்கும் பாட்டை 128 என்று சொல்லும். கைதட்டிச் சரிபார்த்தபின் நம்புங்கள்.

பாட்டு குறைந்தது ஆறு நிமிடம் ஓட வேண்டும். சிறியதாக இருந்தால் அதையே இடைவெளி இல்லாமல் திரும்ப ஓடவிடுங்கள். முதல் முயற்சிக்குச் சொற்கள் இல்லாத வாத்திய இசை உகந்தது. பாடல் வரிகள் நினைவுகளை இழுத்து வரும், மனதுக்குள் கூடப் பாடவும் வைக்கும். கூடப் பாடினால் மூச்சு பாட்டின் கட்டுப்பாட்டுக்குப் போய்விடும்; அப்போது அளப்பது கேட்பதன் விளைவை அல்ல, பாடுவதன் விளைவை. நடுவில் திடீரென ஓங்கி ஒலிக்கும் பகுதிகள் உள்ள பாட்டும் இப்போதைக்கு வேண்டாம்.

தாளவேகத்தின் விளைவை மட்டும் தனியாகப் பார்க்க விரும்புபவர்களுக்கு அழகான வழி ஒன்று உண்டு. ஒரே பாட்டை இரு வேகங்களில் கேளுங்கள். இன்றைய பிளேயர்கள் பல சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் மாற்றித் தருகின்றன. 80 தாளப் பாட்டை 0.75 மடங்கில் ஓட்டினால் 60, 1.25 மடங்கில் ஓட்டினால் 100. ராகம், வாத்தியம், நினைவு எல்லாம் அப்படியே இருக்க வேகம் மட்டும் மாறுகிறது. இதைத் தாண்டி இழுத்தால் ஒலி சிதைந்து, காது அந்தச் சிதைவைக் கவனிக்கத் தொடங்கிவிடும்.

ஒலியளவை எல்லா நாளும் ஒரே அளவில் வையுங்கள். எதிரில் ஒருவர் சாதாரணமாகப் பேசும் அளவு, அதாவது 60 டெசிபெல் பக்கம், போதுமானது. ஒலி உரக்க இருந்தாலே துடிப்பு ஏறும் என்பதால் இது முக்கியம். முதல் நாளே ஒலியளவுக் கோட்டின் இடத்தை நோட்டில் எழுதிவையுங்கள்.

உடலைத் தயார்செய்தல்

சோதனையைக் கெடுப்பவை அநேகமாகப் பாட்டுக்கு வெளியேதான் இருக்கின்றன. காபி, தேநீர் குடித்தால் குறைந்தது மூன்று மணி நேரம் கழித்து உட்காருங்கள். காஃபீனின் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், முடிந்தால் காலையில் எதுவும் குடிக்கும் முன்பே சோதனையை வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. புகைபிடித்தால் துடிப்பு நிமிடங்களில் ஏறும். வயிறு நிறையச் சாப்பிட்டபின் செரிமானத்துக்காக இரத்த ஓட்டம் கூடி நாடியும் கூடும். இரண்டு மணி நேரம் விடுங்கள். கடுமையான உடற்பயிற்சி செய்த நாளில் பல மணி நேரம் துடிப்பு உயர்ந்தே இருக்கும். அந்த நாளை விட்டுவிடலாம். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தாலும் எண் மாறும்.

முதுகு சாயும் நாற்காலி, தரையில் பதிந்த பாதம், தொடைமேல் கை. எல்லா நாளும் இதே நிலை. படுத்திருப்பதற்கும் நிற்பதற்கும் இடையிலேயே நாடி பத்துக்கும் மேல் மாறக்கூடும். அது இசை தரும் மாற்றத்தைவிடப் பெரியது. அறை சூடாக இருந்தால் தோலுக்குக் குருதி அனுப்ப இதயம் கூடுதலாக உழைக்கும் என்பதால் வெப்பநிலையும் நாளுக்கு நாள் மாறாமல் இருக்கட்டும். தொலைபேசியை ஒலியின்றி வைத்தால் போதாது, அறிவிப்புகள் அனைத்தையும் நிறுத்துங்கள். பாட்டின் நடுவே விளம்பரம் வரும் சேவை என்றால் பாட்டைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் சோதனை, படிப்படியாக

தொடங்குமுன் ஆறு துண்டுச் சீட்டு எடுத்து மூன்றில் ‘பாட்டு முதலில்’, மூன்றில் ‘மௌனம் முதலில்’ என்று எழுதி மடித்து வையுங்கள். ஆறு நாள் சோதனைக்கு ஒவ்வொரு நாளும் ஒன்றை எடுத்து, அதன்படி நடந்து, சீட்டைத் திரும்பப் போடாமல் விட வேண்டும். நம் விருப்பப்படி வரிசையைத் தீர்மானித்தால், களைப்பான நாளில் பாட்டை முன்னால் வைக்கத் தோன்றும். பாட்டுக்குப் பின் வரும் மௌனம் துடிப்பை இறக்கும் என்று மேலே பார்த்தோம்; வரிசை சரிபாதியாக இருந்தால் அந்த விளைவு இரண்டு பக்கமும் சமமாகப் பிரியும்.

1. கருவியை மாட்டி, ஹெட்ஃபோனையும் அணிந்து, பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். பேச வேண்டாம், படிக்க வேண்டாம். பேச்சு மட்டுமே நாடியைச் சில துடிப்புகள் ஏற்றும். இந்தப் பத்து நிமிடத்தின் எண்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

2. அடுத்த நான்கு நிமிடம் அடிப்படை அளவு. கண்ணை மூடிக்கொள்வதா திறந்து வைப்பதா என்று முதல் நாளே முடிவுசெய்து கடைசி வரை அப்படியே இருங்கள். தூக்கம் வருபவர்கள் திறந்தே வைக்கலாம்.

3. சீட்டு சொன்னபடி ஆறு நிமிடம் பாட்டு, அல்லது ஆறு நிமிடம் மௌனம். மௌனத்தின்போதும் ஹெட்ஃபோன் காதில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள ஒரே வேறுபாடு பாட்டாக மட்டும் இருக்கட்டும். பாட்டைக் கையால் தொடங்கக் கை நீட்டினால் அந்த அசைவே பதிவாகும். மௌனம், பாட்டு எல்லாவற்றையும் வரிசையாகக் கோத்து ஒரே ஒலிக்கோப்பாகச் செய்துவைத்தால் ஒருமுறை தொட்டால் போதும்.

4. மீண்டும் நான்கு நிமிடம் ஓய்வு. இது இரண்டாம் பகுதிக்கான அடிப்படை அளவு.

5. மீதமுள்ளதை ஆறு நிமிடம்.

மொத்தம் 30 நிமிடம். முடிந்ததும் நேரம், அறையின் வெப்பம், முந்தைய இரவின் தூக்கம், நடுவில் இருமினீர்களா, தூங்கிவழிந்தீர்களா, எதையாவது நினைத்துக் கலங்கினீர்களா என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள். பின்னால் ஓர் எண் மட்டும் விலகி நிற்கும்போது இந்த இரண்டு வரிதான் காரணம் சொல்லும்.

திரையைப் பார்த்துக்கொண்டே உட்காரக் கூடாது. எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பதே அதை மாற்றிவிடும். குறையட்டும் என்று நினைத்தவுடன் மூச்சு நீளும், மூச்சு நீண்டால் துடிப்பு குறையும். பிறகு பாட்டுக்கு என்ன பங்கு என்று யாராலும் சொல்ல முடியாது.

கணக்கு

ஒவ்வொரு நான்கு நிமிட ஓய்விலும் கடைசி மூன்று நிமிடத்தின் சராசரி எடுங்கள். ஆறு நிமிடப் பகுதியில் முதல் நிமிடத்தை விட்டுவிடுங்கள். புதிய ஒலியைக் காது கவனிக்கும் எதிர்வினை அதில்தான் இருக்கும். இரண்டிலிருந்து ஆறாம் நிமிடம் வரை சராசரி. கையால் எண்ணினால் ஓய்வில் மூன்றாம், நான்காம் நிமிடங்களும் பகுதியில் ஐந்தாம், ஆறாம் நிமிடங்களும் எண்ணினால் போதும்.

மாதிரிக்கு ஒரு கணக்கு. மெதுவான பாட்டுக்கு முன் 72.4, பாட்டின்போது 69.8 என்றால் மாற்றம் −2.6. அதே நாள் மௌனத்துக்கு முன் 72.0, மௌனத்தின்போது 70.6 என்றால் மாற்றம் −1.4. பாட்டின் பங்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான்: −1.2. மௌனத்தை அளக்காமல் விட்டிருந்தால் 2.6 துடிப்பையும் பாட்டின் கணக்கில் எழுதியிருப்போம். வேகமான பாட்டில் துடிப்பு 2.2 கூடி, மௌனத்தில் 1.4 குறைந்தால் பாட்டின் பங்கு +3.6. வெறுமனே முன்பின் பார்த்தால் இது சிறியதாகத் தெரியும், உண்மையில் அப்படி இல்லை.

ஆறு நாள் வித்தியாசங்களையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி நடுவிலுள்ள இரண்டின் சராசரியைப் பாருங்கள். ஒரு நாள் கோளாறானாலும் இது அதிகம் ஆடாது. எந்தப் பக்கம் விழுந்தன என்றும் எண்ணுங்கள். பாட்டுக்கு எந்த விளைவும் இல்லாவிட்டாலும் ஆறு நாளும் தற்செயலாக ஒரே பக்கம் விழும் வாய்ப்பு 32-இல் 1. நான்கு ஒரு பக்கம், இரண்டு மறுபக்கம் என்றால் எதுவும் சொல்வதற்கில்லை, சோதனையை நீட்டுங்கள். அது தோல்வி அல்ல. சிலருக்குத் துடிப்பு அசையாமல் மூச்சு மட்டும் மாறும்.

மார்புப் பட்டை வைத்திருப்பவர்கள் துடிப்பு இடைவெளிகளையும் செயலி வழியாக எடுத்துப் பார்க்கலாம். 60,000-ஐ மில்லிவிநாடியால் வகுத்தால் நிமிடத் துடிப்பு வரும்: 1,000 என்றால் 60, 800 என்றால் 75. ஓர் இடைவெளி முந்தையதைவிட 20 சதவீதத்துக்கு மேல் விலகினால் அது அநேகமாகத் தவறவிட்ட அல்லது இரட்டிப்பாக எண்ணிய துடிப்பு. 800, 1,600, 800 என்று வந்தால் நடுவில் ஒரு துடிப்பைக் கருவி விட்டுவிட்டது. அத்தகையவற்றை நீக்கிய பிறகே இதயத் துடிப்பு மாறுபாட்டை, அதாவது இந்த இடைவெளிகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை, கணக்கிட வேண்டும். மாறுபாட்டைக் குறுகிய நேரத்தில் அளப்பதற்கு 1996-இல் ஐரோப்பிய, வட அமெரிக்க இதயவியல் அமைப்புகளின் கூட்டுக்குழு வகுத்த தரம் ஐந்து நிமிடப் பதிவு. நம் இரண்டாம் முதல் ஆறாம் நிமிடம் வரையிலான பகுதி அதற்குச் சரியாகப் பொருந்தும்.

கோளாறுகள், காரணங்கள்

கடிகாரம் பாட்டின் தாளவேகத்தையே துடிப்பாகக் காட்டுகிறதா? பாட்டு 124, கடிகாரமும் 124 என்று வந்தால் மகிழ வேண்டாம். கால் அல்லது விரல் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறது. ஒளி உணரி அந்த அசைவைத் துடிப்பென்று எடுத்துக்கொண்டது. ‘என் இதயம் பாட்டோடு இணைந்துவிட்டது’ என்று பகிரப்படும் படங்கள் பலவற்றின் பின்னணி இதுவாகத்தான் இருக்கும். கையை அசையாமல் வைத்து, விரலால் நாடி பார்த்துச் சரிபாருங்கள்.

மெதுவான பாட்டுக்குத் துடிப்பு ஏறுகிறதா? அந்தப் பாட்டு உங்களுக்கு ஏதோ ஒரு நினைவைத் தொடுகிறது, அல்லது சிலிர்க்க வைக்கிறது. வேறு பாட்டைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். முதல் இரண்டு நாள் நல்ல மாற்றம் இருந்து பிறகு மங்கினால் பாட்டு பழகிவிட்டது என்று பொருள். ஒரே வேகத்தில் மூன்று பாட்டு வைத்துச் சுழற்றுங்கள். இரண்டாம் பகுதியின் எண்கள் எப்போதும் முதல் பகுதியைவிடத் தாழ்ந்தே இருந்தால் தொடக்கப் பத்து நிமிடம் உங்களுக்குப் போதவில்லை. அதைப் பதினைந்தாக்குங்கள்.

பீட்டா-பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவர்களுக்குத் துடிப்பின் ஏற்றம் மழுங்கியிருக்கும், அதனால் மாற்றமே தெரியாமல் போகலாம். சோதனைக்காக மாத்திரையை நிறுத்தவோ நேரம் மாற்றவோ கூடவே கூடாது.

மூச்சைப் பிரித்துப் பார்த்தல்

முதல் இரண்டு சுற்று முடிந்தவர்களுக்கு இது அடுத்த படி. மூச்சைத் தானே எண்ணினால் மூச்சு மாறிவிடும். தொலைபேசியை எதிரில் நிறுத்தி மார்பும் வயிறும் தெரியும்படி காணொளி எடுத்துவைத்து, முடிந்தபின் எண்ணுங்கள். மெதுவான பாட்டில் மூச்சு 15-இலிருந்து 12-க்கு இறங்கி, துடிப்பும் இறங்கியிருந்தால் வழி மூச்சுதான் என்று ஊகிக்கலாம்.

அதை உறுதிசெய்ய, இன்னொரு நாள் பாட்டிலும் மௌனத்திலும் ஒரே கணக்கில் மூச்சு விடுங்கள்: இரண்டு விநாடி உள்ளே, மூன்று விநாடி வெளியே, நிமிடத்துக்கு 12 மூச்சு. இப்போது வேறுபாடு மறைந்துவிட்டால் பாட்டின் பங்கு மூச்சு வழியே வந்தது. மறையாவிட்டால் உணர்ச்சி வழியும் இருக்கிறது. நிமிடத்துக்கு ஆறு மூச்சுக்கு இறங்கினால் உள்மூச்சுக்கும் வெளிமூச்சுக்கும் இடையில் துடிப்பு பெரிதாக ஊசலாடும். அது வேறொரு விளைவு, இரத்த அழுத்தத்தின் இயல்பான பத்து விநாடி அலையோடு மூச்சு ஒத்துப்போவதால் வருவது. 2009-இல் பெர்னார்டியின் குழு, ஏறத்தாழ இந்தப் பத்து விநாடி அளவில் சொற்றொடர்கள் அமைந்த, இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் இசைப் பகுதிகளோடு கேட்பவர்களின் இரத்த ஓட்ட அலைகள் இசைந்து போவதைக் கண்டது. தாளத்தோடு அல்ல, சொற்றொடரின் நீளத்தோடு என்பதைக் கவனியுங்கள். பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது தாளவேகத்தை மட்டும் பார்க்காமல், ஒரு சொற்றொடர் எத்தனை விநாடி நீள்கிறது என்றும் எண்ணிப் பார்க்கத் தகும்.

கண்டதைப் பயன்படுத்துதல்

படபடப்பாக இருக்கும்போது நேராக மிக மெதுவான பாட்டுக்குப் போனால் அது எரிச்சலூட்டும். இசைச் சிகிச்சையில் நெடுநாளாகக் கையாளும் வழி, இப்போதைய மனநிலைக்கு நெருக்கமான இசையில் தொடங்கிப் படிப்படியாக இறங்குவது. 90, 80, 70, 60 என்ற வேகங்களில் ஐந்து நிமிடப் பாட்டு நான்கு கோத்தால் இருபது நிமிடம். கடைசியில் இரண்டு நிமிட மௌனத்தை அந்தக் கோப்பிலேயே சேர்த்துவிடுங்கள், அந்த மௌனம்தான் பலருக்கு அதிகம் வேலை செய்யும். அடுத்த பாட்டு தானாக ஓடும் வசதியை அணைத்துவைக்காவிட்டால் அந்த இரண்டு நிமிடமும் பறிபோகும்.

உடற்பயிற்சியில் கணக்கு வேறு. ஓடும்போது துடிப்பைத் தீர்மானிப்பது உழைப்பின் அளவு. 120 முதல் 140 தாளம் உள்ள பாட்டு உழைப்பைக் குறைவாக உணர வைக்கும், அதனால் தெரியாமலே வேகம் கூட்டுவோம், துடிப்பு அதன்பின் ஏறும். மூச்சு வாங்கும் உச்ச உழைப்பில் இந்த உதவி மங்கிவிடும். பயிற்சி முடிந்து நாடி இறங்கும் வேகத்தைப் பார்க்க விரும்பினால் முன்பு சொன்ன அதே முறைதான்: ஒரு நாள் மெதுவான பாட்டு, ஒரு நாள் மௌனம், ஒரே உழைப்பு, ஒரே நிலையில் அமர்தல், ஒவ்வொரு நிமிடமும் குறிப்பு.

நாள்தோறும் ஹெட்ஃபோன் அணிபவர்கள் ஒலியளவின் எல்லையை மறக்க வேண்டாம். பெரியவர்களுக்கு 80 டெசிபெலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் தரும் வரம்பு. பேஸ்மேக்கரோ உள்பதித்த டிஃபிப்ரிலேட்டரோ இருப்பவர்கள் ஹெட்ஃபோனைச் சட்டைப்பையில் வைக்கவோ மார்பில் தொங்கவிடவோ கூடாது. அதிலுள்ள காந்தம் கருவியின் செயல்பாட்டில் குறுக்கிடும். தொலைபேசியையும் கருவியிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள். இவர்கள் மார்புப் பட்டை கட்டுமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

பெரியவர்களுக்கு ஓய்வில் 60 முதல் 100 வரை வழக்கமான அளவு; நன்கு பயிற்சி பெற்ற விளையாட்டு வீரர்களுக்கு 40, 50 என்றும் இருக்கும். உங்கள் அடிப்படை அளவு நாள் தவறாமல் 100-க்கு மேல் நின்றாலோ, 50-க்குக் கீழே இறங்கித் தலைசுற்றல் வந்தாலோ, நாடி ஒழுங்கில்லாமல் தாவித் தாவித் துடித்தாலோ நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். நேரமும் நிலையும் குறித்த அந்தப் பக்கங்கள் அவருக்குப் பயன்படும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் வந்தால் எதையும் அளந்துகொண்டிருக்காமல் உடனே அவசர மருத்துவ உதவியை அழையுங்கள்.